உடற்சுகமும் ஆன்ம வாழ்வும்

உடலினும் ஆன்மா சிறந்தது என்பதை மறுப்பார் நம்முள் ஒருவரும் இலர். ஆலயத்தில் அதனைக் கேட்கின்றோம்; வகுப்பறையில் எழுதுகின்றோம்; பிறர்க்கு எடுத்தும் உரைக்கின்றோம். ஆயினும் விடியற்காலையில் ஆலயமணி ஒலிக்கும்போது, போர்வையை விலக்குவதா, இன்னும் சற்றே இழுத்துப் போர்த்துக்கொள்வதா என்னும் வழக்கு எழுமாயின், தீர்ப்புப் பெரும்பாலும் உடலின் பக்கமே ஆகின்றது. வாயளவில் ஆன்மாவுக்கு முடிசூட்டி, செயலளவில் உடலின் ஆணைக்குக் கீழ்ப்படிகின்றோம். இம்முரண்பாட்டை நீக்குவது எங்ஙனம்? கிறிஸ்தவன் ஒருவன் ஆன்ம வாழ்வை உடற்சுகத்திற்கு முன்னே வைத்தல் என்பதன் பொருள்தான் யாது? இதனைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சில ஆண்டுகட்கு முன் தபசுகாலத்து வெள்ளிக்கிழமையொன்றில் யான் நேரிற் கண்ட நிகழ்ச்சி ஒன்றை முதற்கண் கூறுவேன். மாணவர் விடுதியொன்றில் ஓர் இளைஞர் ஒருசந்தி பிடித்திருந்தார். நண்பகல் உணவே அன்றைக்கு அவர்க்குரியது. யானும் அன்று அங்கே உண்ண அமர்ந்திருந்தேன். சோறு வர அரைமணி நேரம் தாழ்த்தது. பசித்திருந்த இளைஞர் முதியவராகிய சமையற்காரரைப் பலர் முன்னிலையிற் கடிந்து பேசினார். என் வயிறும் காய்ந்திருந்தமையின், யானும் உள்ளத்தே அவர் பக்கம் நின்று வாளாவிருந்தேன். முதியவர் மறுமொழி ஒன்றும் கூறாது எல்லார்க்கும் பரிமாறினார். தம் மகளின் பேறுகாலத்திற்காக அவர் இரவு முழுவதும் மருத்துவமனையிற் கண்விழித்திருந்தார் என்பதும், முதல்நாள் மாலையிலிருந்து ஒன்றும் உண்டிலர் என்பதும் பின்னரே எமக்குத் தெரியவந்தன. அன்று அவ்விடத்தே பட்டினி கிடந்தார் இருவர். ஒருவர் நோன்பென்று பெயரிட்டுக் கிடந்தார். மற்றவர் பெயரிடாமலே கிடந்தார். எவருடைய பட்டினி ஆன்மாவை வளர்த்தது என்று யான் சொல்ல வேண்டுவதில்லை. மாலையில் அவ்விளைஞர் முதியவரிடம் சென்று மன்னிப்புக் கேட்டார். யானோ அதற்கும் துணிந்திலேன். ஆகலின் ஈண்டு எழுதுவது பிறர்க்கு மட்டும் உரைக்கும் அறிவுரை அன்று.

இப்பொருளில் நாம் விழக்கூடிய குழிகள் இரண்டு. ஒன்று, உடலையே தலைவனாகக் கொள்ளுதல். இது யாவரும் அறிந்தது. மற்றொன்று, உடலைப் பகைவனாகக் கொள்ளுதல். இஃது அத்துணை எளிதிற் புலப்படுவதில்லை; பத்தியின் உருவிலே வருதலின் நம்மை ஏமாற்றிவிடும். திருச்சபையின் கோட்பாடு இவ்விரண்டிற்கும் இடந்தருவதில்லை. கடவுள் தாம் படைத்தவற்றை நல்லனவாகக் கண்டார். திருமகனார் மானிட உடலெடுத்து, பசித்து, களைத்து, படகிலே உறங்கினார். இறந்தோர் உடலோடு உயிர்த்தெழுவர் என்றும் நாம் விசுவசிக்கின்றோம். இங்ஙனம் உடலைத் தூய ஆவியின் ஆலயமாகப் போற்றும் ஒரு சமயம், அதனை வெறுக்குமாறு கற்பித்தல் இயலாது. எனவே, உடற்சுகம் தீமை அன்று. பணியாளாய் இருக்க வேண்டிய அது எசமானனாய் அமர்வதே தீமை. குதிரையை வெறுப்பவன் பயணம் போவதில்லை. குதிரை இழுத்த வழியெல்லாம் போகிறவனும் ஊர் சேர்வதில்லை.

கோட்பாடு இங்ஙனமாக, வாழ்க்கையில் இதனை நடத்திக் காட்டியவர் உளரோ எனின், நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் அயலதாகிய அரியலூர்ச் சீமையிலே ஏலாக்குறிச்சி என்னும் ஊர் உளது. தஞ்சையிலிருந்து திருவையாறு வழியாக வடக்கே வந்து, கொள்ளிடத்தைக் கடந்தால் திருமானூர். அதற்கு அணித்தே இவ்வூர். அடைக்கல மாதாவின் திருத்தலமாக இது விளங்குகின்றது. வீரமாமுனிவர் எனத் தமிழுலகம் போற்றும் கொன்ஸ்தான்சு யோசேப்பு பெஸ்கி அடிகள் பல்லாண்டு தங்கிப் பணிபுரிந்த இடம் இதுவே. இதற்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டு, இத்தலத்தின்மீது கலம்பகம் ஒன்றும் அவர் பாடினார்.

அடிகள் இந்நாட்டிற்கு வருமுன்னரே, இங்கே உழைத்த இயேசு சபைக் குரவர் உடற்சுகத்தைப் பொருட்படுத்தாத ஒரு வாழ்க்கை முறையை வகுத்திருந்தனர். 1606-ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்த உரோமை நகரப் பெருங்குடி மகனாராகிய இராபர்ட் தெ நோபிலி அடிகள் காவியுடுத்து, மரப்பாதுகை அணிந்து, புலாலையும் மதுவையும் நீக்கி, நாடோறும் ஒருவேளை மரக்கறியுணவே கொண்டு வாழ்ந்தார். பின்னர்ப் பண்டாரசுவாமிகள் எனப் பெயர் பூண்ட குருக்கள் எளிய மக்களிடையே ஊர் ஊராய் நடந்து திரிந்தனர். அவ்வகையினருள் ஒருவரே அருளானந்தர் எனப்படும் புனித யோவான் தெ பிரிட்டோ. 1647-ஆம் ஆண்டு லிஸ்பனிற் பிறந்து, போர்த்துக்கல் அரண்மனையிலே இளவரசர்க்குத் தோழராய் வளர்ந்தவர் அவர். மறவர் நாட்டிலே 1686-ஆம் ஆண்டு சிறைப்பட்டுக் கொடிய வதைகளைப் பொறுத்தார். பின்னர் ஐரோப்பாவுக்குச் சென்றபோது, அந்த இளமைத் தோழர் போர்த்துக்கல் மன்னராய் வீற்றிருந்தார். அவரைத் தம்மிடமே நிறுத்திக்கொள்ளவும் விரும்பினார். உடற்சுகம் என்பது மாளிகையுருக்கொண்டு, அன்பு மொழி பேசி அழைத்த வேளை அது. அருளானந்தர் 1690-ஆம் ஆண்டில் இந்நாட்டிற்கே மீண்டார். 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரிலே தலை வெட்டுண்டு இறந்தார். மீண்டு வரவேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்தியது யாது? துன்பத்தின்மீது ஆசை அன்று. விட்டு வந்த மக்கள்மீது கொண்ட அன்பே.

பெஸ்கி அடிகள் 1680-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டுக் காஸ்திலியோனே என்னும் ஊரிற் பிறந்து, 1698-ஆம் ஆண்டில் இயேசு சபையிற் சேர்ந்தார். 1710-ஆம் ஆண்டு கோவாவில் வந்திறங்கியபோது அவருக்கு வயது ஏறத்தாழ முப்பது. 1714-ஆம் ஆண்டளவில் குருக்கள்பட்டியிலே சிறைப்பட்டு, கொலைத் தண்டனைக்கும் உள்ளாகி, அரிதின் உயிர் தப்பினார். ஆயினும் அவர் துறந்தவற்றுள் மிகப் பெரியது எது என வினவின், உணவும் அன்று, உறக்கமும் அன்று, தாய்மொழியின் சுகமே என்பேன். பேச்சறியாக் குழந்தைபோல் முப்பது வயதில் மீண்டும் எழுத்தெண்ணத் தொடங்குதல் எளிய செயலோ? நாவிற்கும் செவிக்கும் அது நாள்தோறும் நடக்கும் நோன்பு. அறிவின் செருக்குக்கோ அதனினும் பெரிய நோன்பு. தம் நாட்டிலே கற்றோன் எனப் பெயர்பெற்ற ஒருவர், இங்கே பிழைபடப் பேசி, கேட்போர் நகைப்பதைப் பொறுத்து, திருத்துவார் முன்னே மாணவராய் அமர வேண்டியிருந்தது. மெய்வருந்தக் கூடும், பலர் அதற்கு இசைவர். மானம் வருந்த இசைபவர் சிலரே.

அவ்வருத்தத்தின் பயனை நாம் அறிவோம். புனித சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு மூன்று காண்டமும் முப்பத்தாறு படலமும் 3615 பாடல்களுமாக விரிந்த தேம்பாவணி 1726-ஆம் ஆண்டில் முற்றுப்பெற்றது. வேதம் போதிக்கும் உபதேசியாருக்காக வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூல் எழுந்தது. பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளையுடைய சதுரகராதி 1732-ஆம் ஆண்டிலே உருவாயிற்று. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வேறுபடுத்தி எழுதும் சீர்திருத்தத்தையும் அவர் செய்தார். இன்று நாம் நெடிலையும் குறிலையும் மயங்காது எழுதும்போதெல்லாம் அவருழைப்பின் ஒரு துளியை நுகர்கின்றோம். நெருக்கடியும் அலைச்சலும் நிறைந்த வாழ்வினிடையே இத்தனையும் இயற்றியவர், தம் ஊருக்கு ஒருகாலும் மீளாது இந்நாட்டிலேயே உயிர்நீத்தார்.

இவ்விடத்தே ஓர் ஐயம் எழும். அதனை மறைத்துச் செல்லுதல் நேர்மையன்று. முத்துசாமிப் பிள்ளை 1822-ஆம் ஆண்டில் எழுதிய வீரமாமுனிவர் சரித்திரம், அடிகள் வெளியிற் செல்லும்போது பல்லக்கும் பட்டுக்குடையும் புலித்தோல் இருக்கையும் ஏவலாளருமாய்ப் பெருஞ்சிறப்போடு சென்றார் என்று கூறுகின்றது. சந்தா சாகிபிடம் திவான் பதவி வகித்தார் என்றும் கூறுவர். இதனைப் பிற்கால ஆராய்ச்சியாளர் ஐயுறுகின்றனர். பல்லக்கேறியவரை உடற்சுகம் துறந்தவர் எனல் பொருந்துமோ?

ஆராய்ந்து நோக்கின், இவ்வையமே நமக்கு ஆசிரியனாகின்றது. அடிகளின் பல்லக்கைக் கூறும் மரபே, அவர் மரக்கறியுணவை ஒருவேளை மட்டும் உண்டு வந்தார் எனவும் கூறுகின்றது. சமய குருவுக்கு அரசரும் மக்களும் மடாதிபதிகட்குரிய சிறப்பைச் செய்தாலன்றிச் செவிகொடுக்காத காலம் அது. புறச்சிறப்பு ஏற்ற பணிக்காகக் கொண்டது. ஒருவேளை உணவோ கதவடைத்த பின் தமக்காகக் கொண்டது. நாமோ பெரும்பாலும் இதனை மாற்றிச் செய்கின்றோம். ஊரறிய எளிமை பூண்டு, அறைக்குள்ளே சுகம் தேடுகின்றோம். ஆதலின், பல்லக்கில் ஏறியிருத்தலோ நடந்து செல்லுதலோ இவ்வழக்கைத் தீர்ப்பதில்லை. இறங்கு எனக் கடமை சொன்ன கணமே இறங்க உள்ளம் ஆயத்தமாயிருக்கின்றதா என்பதே தீர்க்கும். சிறைக்கு நடந்த கால்களே பல்லக்கிலும் இருந்தன. பல்லக்கைப் பழகிய பின்னும் சிறையை மறவாதவனே உரிமையுள்ள மனிதன். எனினும், புறச்சிறப்பு ஆபத்தற்றது என்று யான் கூறவில்லை. பணிக்காக என்று தொடங்கியது பழக்கத்திற்காக என முடிதல் உலகியல்பு, விழித்திருத்தல் வேண்டும்.

இனி, திருக்காவலூர் என்னும் பெயரையும் அடைக்கல மாதா என்னும் பெயரையும் நோக்குக. காவல், அடைக்கலம் என்னும் இரண்டும் பிறருடைய உடலையும் உயிரையும் பேணுதலைக் குறிக்கும் சொற்கள். தஞ்சை அரசிலே கிறிஸ்தவர்க்கு இடுக்கண் நேர்ந்தபோது, கொள்ளிடத்தைக் கடந்து அரியலூர்ப் பாளையத்தின் எல்லைக்குள் வந்தோர்க்கு இவ்விடம் புகலிடமாயிற்று என்பர். ஆற்றைக் கடந்து ஓடிவந்தவனுக்கு முதலில் வேண்டுவன கூரையும் கஞ்சியும் அன்றோ? அரியலூர்ப் பாளையக்காரராகிய அரங்கப்ப மழவராயர்க்கு நேர்ந்த கொடிய பிளவைப் புண்ணை அடிகள் மருந்திட்டு ஆற்றினார் என்றும், அதற்கு நன்றியாக அவர் ஆலயத்திற்கு நிலம் வழங்கினார் என்றும் அத்தலத்தார் வழிவழியாகக் கூறிவருகின்றனர். தம் உடலுக்கு ஒருவேளை உணவு போதும் என்றிருந்தவர், பிறர் உடலின் புண்ணைக் கழுவ அருவருக்கவில்லை என்பதே அம்மரபு நமக்கு உணர்த்தும் செய்தி.

இதுவே இப்பொருளின் உயிர்நிலை. நம் ஆண்டவர் பாலைநிலத்திலே நாற்பது நாள் நோன்பிருந்து பசித்தபோது, கல்லை அப்பமாக்கிக்கொள்ளுமாறு சோதிப்பவன் தூண்டினான், அவர் இசைந்திலர். அவரே பின்னர்ப் பசித்த பெருங்கூட்டத்தைக் கண்டபோது, அதனை வெறுங்கையாய் அனுப்பிவிட மனமின்றி அப்பத்தைப் பெருக்கி அளித்தார். தம் பசிக்காக ஒரு கல்லையும் மாற்றாதவர், பிறர் பசிக்காக ஐந்து அப்பங்களை ஆயிரங்கட்குப் பங்கிட்டார். ஆன்ம வாழ்வை உடற்சுகத்திற்கு முன்னே வைத்தல் என்பது இந்த அளவுகோலால் அளக்கப்படுவது. என் உடலின் தேவையை நான் பின்னே வைக்கலாம். பிறன் உடலின் தேவையைப் பின்னே வைக்க எனக்கு உரிமையில்லை. பிறன் பசி எனக்கு ஆன்மிக காரியம்.

சபை வேறாயினும் இவ்வளவுகோலுக்கு முற்றும் பொருந்திய மற்றொருவரையும் நம் பக்கத்து மண் கண்டது. 1726-ஆம் ஆண்டு பிரஷ்ய நாட்டிற் பிறந்து, 1750-ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்து, திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சையிலும் உழைத்து, 1798-ஆம் ஆண்டில் மறைந்த சுவார்ட்ஸ் ஐயரே அவர். திருச்சிராப்பள்ளியிலே சிறியதோர் அறையில் வாழ்ந்து, நம்மவரைப்போல் சோறும் கறியும் உண்டு, எளிய உடை உடுத்தார். ஐதர் அலியிடம் 1779-ஆம் ஆண்டு தூதுசென்று மீண்டபோது, வழிச்செலவுக்கென ஐதர் அளித்த முந்நூறு ரூபாயையும் தமக்கென வைத்துக்கொள்ளாது, தஞ்சையில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்காக ஒதுக்கினார். பின்னர்ப் போரும் பஞ்சமும் வந்தபோது, முன்னரே வாங்கிச் சேமித்திருந்த நெல்லைக்கொண்டு பசித்தோர்க்கு உணவளித்தார். தம் அறையைச் சிறிதாக வைத்துக்கொண்டவர் களஞ்சியத்தைப் பெரிதாக வைத்திருந்தார் என்பதை ஓர்க.

ஈண்டு மற்றொரு கேள்வியையும் எதிர்நோக்க வேண்டும். சென்ற ஆண்டு என் வகுப்பிலே இவ்வரலாறுகளை யான் கூறி முடித்தபோது, பெரம்பலூர்ப் பக்கத்து மாணாக்கர் ஒருவர் எழுந்து வினவினார்: "ஐயா, என் தாயார் பருத்திக் காட்டிலே வெயிலிற் குனிந்து கூலிக்குப் பஞ்செடுக்கின்றார். துறப்பதற்கு அவரிடம் எந்தச் சுகம் இருக்கின்றது? இப்போதனை அவருக்கு என்ன சொல்கின்றது?" கரிசல்மண்ணும் மானம்பார்த்த புன்செய்யும் பருத்தியும் மக்காச்சோளமும் உள்ள சீமையிலிருந்து வருவோர்க்கு இது நூற்கேள்வி அன்று, வீட்டுக் கேள்வி. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் சிமெந்து ஆலைகளிலும் புழுதிக்கிடையே உழைக்கும் தந்தையரின் பிள்ளைகளும் இதனையே கேட்கக்கூடும்.

யான் அவருக்கு உடனே விடைகூற இயலாது நின்றேன். பின்னர்ச் சிந்தித்துக் கண்டது இது. துறவு என்பது உள்ளவன் செய்வது; இல்லாதவன்மீது சுமத்துவது துறவன்று, கொடுமை. வறியவனை நோக்கி, உடற்சுகம் அற்பம் என்று போதித்து, அவன் கூலியைக் குறைப்பவன் சமயத்தின் பெயரால் திருடுகின்றான். அத்தாய்க்கு இப்போதனை சொல்வது ஒன்றும் இல்லை. அத்தாயே நமக்குப் போதிக்கின்றார். தாம் அரைவயிறு உண்டு, மகனை ஈராண்டு, மூவாண்டு கல்லூரியில் வைத்துக் காப்பதனினும் மேலான நோன்பு யாது உளது? அம்மாணாக்கர் துறக்க வேண்டுவன தம் தாயிடம் இல்லை, தம்மிடமே உள்ளன. நள்ளிரவு வரை கைபேசியின் முன்னே கழியும் பொழுதும், காலை வகுப்பிற்கு வாராது உறங்கும் உறக்கமும், தாய் அனுப்பிய பணத்தில் நண்பர்க்குக் காட்டும் ஆடம்பரமும் அவையே. இதனை மறுநாள் அவரிடம் கூறினேன். அவர் தலைகுனிந்து, "அது மெய்தான், ஐயா" என்றார். தலைகுனிய வேண்டியவர் அவர் மட்டும் அல்லர் என்பதை யான் அறிவேன்.

இவற்றிலிருந்து நாம் நாள்தோறும் நம்மையே வினவிக்கொள்ளத் தக்க வினாக்கள் மூன்று கிடைக்கின்றன. முதலாவது: நான் விட்ட சுகம் எவர் கையிற் போய்ச் சேர்ந்தது? ஒருசந்தி நாளில் மீந்த உணவின் விலை உண்டியலிலேனும், பசித்த அயலான் இலையிலேனும் விழுந்ததா, அன்றி மறுநாள் விருந்துக்குச் சேர்ந்ததா? இரண்டாவது: என் நோன்பினால் என்னோடு வாழ்வோர்க்கு வாழ்க்கை எளிதாயிற்றா, கடினமாயிற்றா? கடுகடுத்த முகத்தோடு நோற்கும் நோன்பைக் கடவுள் கேட்கவில்லை. நோன்பு நாளில் முகம் மலர்ந்திருக்குமாறே ஆண்டவர் பணித்தார். மூன்றாவது: நாளைக்குக் கடமை அழைத்தால், இன்று நான் நுகரும் இச்சுகத்தை விட்டு எழ என்னால் இயலுமா? இயலுமாயின் அதனை நன்றியோடு நுகர்க. இயலாதெனின் இன்றே அதனைச் சிறிது சிறிதாக விடப் பழகுக.

உடலை வாட்டுவதற்காக நோய்வாய்ப்படுதல் இவற்றுள் ஒன்றன்று. படிக்கும் காலத்தில் வேண்டிய அளவு உண்க. வேண்டிய அளவு உறங்குக. விளையாட்டுத் திடலுக்கும் செல்க. பணிக்கு உதவாத உடலை எசமானன் முன்னே நிறுத்துதல் பத்தியாகாது. ஆனால், செபவேளை வந்தபோதும், நோயாளி அழைத்தபோதும், கடினமான பாடம் முன்னே கிடந்தபோதும், உடல் சொல்லும் சாக்குகளை நம்பற்க. முப்பது வயதில் அகரம் தொடங்கிய ஒருவர், சாக்குச் சொல்லியிருப்பின் தமிழ் ஒரு காப்பியத்தை இழந்திருக்கும்.

நம் கல்லூரியிற் பயில்வோரும், பயின்று பல ஊர்களிற் பணிபுரியும் பழைய மாணவரும் ஒருமுறையேனும் கொள்ளிடக் கரையிலுள்ள அத்திருத்தலத்திற்குச் செல்வாராக. வெயிலிற் கால்நடையாய் வரும் எளிய மக்களையும் காண்பர். அவர்களுள் பலர், தமக்காக வேண்டி வந்தவர் அல்லர். பிள்ளையின் நோய்க்காக, மகளின் வாழ்வுக்காக, அயலானின் கடனுக்காக நடந்து வந்தோர். தம் காலின் கொப்புளத்தைக் கருதாது பிறர் நலம் கருதி நடப்பவர் அறியாமலே இக்கட்டுரையின் பொருளை நடந்து காட்டுகின்றனர். அவர்களோடு சற்றே நடப்போமாக. தாகத்தால் வருந்துவான் ஒருவனைக் கண்டால், நம் கையிலுள்ள தண்ணீரை முதலில் அவனுக்குக் கொடுப்போமாக. ஆன்ம வாழ்வு உடற்சுகத்திற்கு முன்னே செல்லும் வழி அங்ஙனமே தொடங்குகின்றது.